படபடப்போடு முதல்முறை ஆலோசகரிடம் போகிறவர்களுக்கு

என் அறை வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே வராமல் அப்படியே நிற்பவர்கள் உண்டு. தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம் ஒரு பக்கம். உள்ளே போனால் என்ன கேட்பார்கள், என்ன செய்வார்கள் என்று தெரியாத கலக்கம் மறுபக்கம். இரண்டாவதையாவது இந்தக் கட்டுரையால் குறைக்க முடியும் என்று நம்புகிறேன். மதுரையில் பதினைந்து ஆண்டுகளாக மருத்துவ உளவியலாளராக வேலை செய்கிறேன். மனப்பதற்றத்தோடு வருகிறவருடன் வாராவாரம் நாங்கள் என்ன செய்கிறோம் என்பதை, அது நடக்கும் வரிசையிலேயே சொல்கிறேன்.

துணைக்கு ஒருவரை அழைத்துக்கொள்கிறேன். திருமங்கலத்தில் சிறிய தையல் கடை வைத்திருப்பவர், வயது 38. ஒருநாள் மதுரைக்குத் துணி எடுக்கப் போகும்போது பஸ்ஸில் நெஞ்சு அடைத்து, கைகால் சில்லிட்டு, பாதி வழியில் இறங்கியவர். அதன்பிறகு எட்டு மாதம் பஸ் ஏறவே இல்லை. பலருடைய அனுபவங்களைச் சேர்த்து, அடையாளங்களை மாற்றி இவரை அமைத்திருக்கிறேன். தையல்கார அக்கா என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் உடம்பைப் பார்த்துவிடுங்கள்

ஆலோசகரிடம் வருவதற்கு முன் ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் படபடக்கும். இரத்தசோகை இருந்தாலும் படபடக்கும். சர்க்கரை திடீரென்று இறங்கினாலும் வியர்த்து நடுங்கும். இதயத் துடிப்பில் கோளாறு இருக்கலாம். நாளைக்கு ஆறேழு காபி குடிப்பவருக்குக் காபியே காரணமாக இருக்கலாம். இரத்தப் பரிசோதனையும் ஒரு ஈ.சி.ஜி.யும் எடுத்து, அந்தத் தாள்களோடு வந்தால் எங்கள் வேலை பாதி தெளிவாகிவிடும். புதிதாக நெஞ்சு வலி வந்தால் அதைப் பதற்றம்தான் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். 108ஐ அழையுங்கள்.

தையல்கார அக்கா மூன்று முறை நள்ளிரவில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போயிருக்கிறார். மூன்று முறையும் ஈ.சி.ஜி. சரியாக இருந்தது. “ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போங்கள் என்றார்கள். ஒன்றுமில்லை என்றால் நான் நடிக்கிறேன் என்று அர்த்தமா மேடம்?” என்று கேட்டபோது அவருக்குத் தொண்டை அடைத்தது. இதயம் நன்றாக இருக்கிறது என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். அவர் பட்ட பாடு பொய் என்று அந்தத் தாளில் எங்கும் எழுதவில்லை. இதை அவரிடம் சொல்வதற்கே முதல் நாளில் கால் மணி நேரம் செலவானது. அது தேவையான கால் மணி நேரம்.

யாரிடம் போவது?

மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு படித்தவர். மருந்து எழுதும் உரிமை அவருக்கு உண்டு. மருத்துவ உளவியலாளர் பேச்சு வழியாகவும் பயிற்சி வழியாகவும் சிகிச்சை தருபவர். மருந்து எழுத மாட்டார். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. முறையாகப் படித்தவர் முகம் சுளிக்காமல் சொல்வார். சில வார வகுப்பு முடித்துவிட்டுப் பலகை மாட்டிக்கொள்பவர்களும் இருப்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பணம் இல்லையே என்று தள்ளிப்போடாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. சீட்டு வாங்கிக் காத்திருந்தால் இலவசமாகப் பார்க்கலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பார்க்கிறார்கள். நேரில் போகத் தயக்கம் என்றால் 14416 என்ற எண்ணை அழையுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று, உலக மனநல நாளில், தொடங்கிய டெலி மானஸ் சேவை இது. இரவு பகல் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. தமிழக அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் வரிசை, நாள் குறிப்பு எதையும் பார்க்க வேண்டாம். அன்றே, அந்த நேரமே 14416ஐ அழையுங்கள், அல்லது பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள். தனியாக இருக்காதீர்கள்.

முதல் நாள்

படுக்க வைத்து ஊசலாட்டிக் காட்டுவது எல்லாம் சினிமாவில்தான். இரண்டு நாற்காலி, ஒரு மேசை, ஒரு சொம்பு தண்ணீர். சுமார் முக்கால் மணி நேரம் பேசுவோம். எப்போது தொடங்கியது, அப்போது வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, எதையெல்லாம் செய்யாமல் விட்டுவிட்டீர்கள் என்று கேட்பேன். இந்தக் கடைசிக் கேள்வி எனக்கு மிக முக்கியம். ஏழு கேள்விகள் கொண்ட ஒரு தாளும் தருவேன். கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை குறிக்க வேண்டும். மொத்தம் 21. பத்தும் அதற்கு மேலும் வந்தால் இன்னும் ஆழமாக விசாரிப்பேன். நோயின் பெயரை அந்தத் தாளே தீர்மானித்துவிடாது. ஆறு வாரம் கழித்து அதே தாளை நிரப்பும்போது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்கத்தான் அது அதிகம் பயன்படும்.

ரகசியத்தைப் பற்றி முதல் பத்து நிமிடங்களிலேயே சொல்லிவிடுவேன். நீங்கள் சொல்வதை உங்கள் கணவரிடமோ, மாமியாரிடமோ, மேலதிகாரியிடமோ நான் சொல்லக் கூடாது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இதை உங்கள் உரிமையாகவே வைத்திருக்கிறது. விலக்குகள் சில உண்டு: உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால், அல்லது ஒரு குழந்தை பாலியல் கொடுமைக்கு உள்ளாவது தெரியவந்தால், நான் சும்மா இருக்க முடியாது. இந்த எல்லையை முதலிலேயே சொல்லாத ஆலோசகரிடம் நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் முதல் நாளே கொட்டித் தீர்க்க வேண்டியதில்லை. அழுகை வந்தால் அழலாம். வராவிட்டாலும் தவறில்லை.

வட்டத்தை வரைவது

இரண்டாவது சந்திப்பில் ஒரு தாளில் வட்டம் வரைவோம். தையல்கார அக்காவின் வட்டம் இப்படி இருந்தது: பஸ்ஸில் கூட்டம், புழுக்கம். நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடிக்கிறது. “மாரடைப்பு வந்துவிட்டது” என்ற எண்ணம். அந்த எண்ணத்தால் பயம். பயத்தால் நெஞ்சு இன்னும் வேகம். வேகத்தைப் பார்த்து எண்ணம் உறுதியாகிறது. இறங்கி ஓடுகிறார். இறங்கியதும் நிம்மதி. அந்த நிம்மதிதான் சிக்கல். “இறங்கியதால் பிழைத்தேன்” என்று மூளை குறித்துக்கொள்கிறது. அடுத்த முறை பஸ்ஸைப் பார்த்தாலே எச்சரிக்கை மணி அடிக்கிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். பேயை விரட்டப் போவதில்லை நாம். விளக்கை எடுத்துக்கொண்டு அந்த இருட்டுக்குள் போகப் பழகப் போகிறோம்.

பயம் ஒருவரிடமிருந்து என்னென்ன இடங்களைப் பிடுங்கிக்கொண்டது என்று பட்டியல் போடச் சொல்வேன். பஸ்ஸில் தொடங்கியது அக்காவுக்குக் கல்யாண மண்டபம், மகனின் பள்ளிக் கூட்டம், வெள்ளிக்கிழமைக் கோவில் என்று பரவியிருந்தது. பயமே இல்லாத மனிதராக யாரையும் மாற்ற என்னால் முடியாது. பறிபோன இடங்களை ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கித் தரத்தான் நான் அங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு நிமிட மூச்சு

பதற்றம் வந்தால் ஆழமாக மூச்சை இழு என்று எல்லாரும் சொல்வார்கள். பாதி ஆலோசனைதான் அது, அந்தப் பாதியும் தவறான பாதி. பயத்தில் ஏற்கெனவே நாம் அதிகமாகத்தான் மூச்சு வாங்குகிறோம். அதனால் இரத்தத்தில் கரியமிலவாயு குறைகிறது. விரல் நுனி மரத்து, உதடு சுரீரென்று, தலை கிறுகிறுக்கிறது. இதைக் காட்ட ஒரு சோதனை செய்வோம். இதயநோய், ஆஸ்துமா, வலிப்பு, கர்ப்பம் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு, என் முன்னால் ஒரு நிமிடம் வேகமாக மூச்சு விடச் சொல்வேன். கூடவே நானும் செய்வேன். தயவுசெய்து வீட்டில் தனியாக முயல வேண்டாம்.

அக்கா முப்பது நொடிக்குள் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். “இதேதான் மேடம், பஸ்ஸில் வந்தது இதேதான்.” விரல்களை விரித்து விரித்துப் பார்த்தார். ஏ.சி. அறையில், கூட்டமே இல்லாத இடத்தில், மூச்சு மட்டுமே இதைச் செய்துவிட்டதை அவர் உடம்பே அவருக்குச் சொன்னது. ஆயிரம் முறை நான் வாயால் சொல்லியிருந்தாலும் அது போய்ச் சேர்ந்திருக்காது.

பிறகு பயிற்சி: மூக்கால் நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி மெதுவாக விடுவது. விடுவதில்தான் கவனம் வேண்டும். காலையில் ஐந்து நிமிடம், இரவில் ஐந்து நிமிடம், மனம் அமைதியாக இருக்கும்போதே செய்ய வேண்டும். வெள்ளம் வந்த பிறகு நீச்சல் கற்க முடியாது.

படி படியாக

சிகிச்சையின் நெஞ்சுப் பகுதி இது. கஷ்டமானதும் இதுதான்.

பயத்தை 0 முதல் 100 வரை அளக்கும் பழக்கத்தைச் சிகிச்சைக்குள் கொண்டுவந்தவர் ஜோசப் வோல்பே என்ற தென்னாப்பிரிக்க மனநல மருத்துவர். நம் ஊர் மருத்துவர்கள் நெடுங்காலமாக “ரூபாய்க்கு எவ்வளவு பரவாயில்லை?” என்று கேட்டுப் பழகியவர்கள். நானும் அப்படித்தான் கேட்கிறேன்: முழுப் பயம் ஒரு ரூபாய் என்றால் இது எத்தனை பைசா? அக்காவும் நானும் சேர்ந்து எழுதிய ஏணி இது. ஏறாமல் பஸ் நிறுத்தத்தில் கால் மணி நேரம் நிற்பது, 20 பைசா. கணவரோடு ஏறி அடுத்த நிறுத்தத்தில் இறங்குவது, 35. தனியாக ஒரு நிறுத்தம், 50. தனியாகத் திருநகர் வரை, 65. திருப்பரங்குன்றம் வரை, 75. காலைக் கூட்டத்தில் மதுரை பெரியார் பஸ் நிலையம் வரை, 95.

விதிகள் மூன்றுதான். ஒரு படியைத் தொடர்ந்து நான்கைந்து நாள் செய்யுங்கள். அது சலித்துப்போன பிறகு அடுத்த படிக்குப் போங்கள். பயம் உச்சத்தில் இருக்கும்போது இறங்கிவிடாதீர்கள். திடீரென்று எழும் பீதி பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டுவிட்டு இறங்கத் தொடங்கும், அந்த இறக்கத்தை உடம்பு பார்க்க வேண்டும். மூன்றாவது, ஊன்றுகோல்களை ஒவ்வொன்றாகக் கீழே வையுங்கள்.

ஊன்றுகோல் என்று எதைச் சொல்கிறேன்? அக்காவின் கையில் ஒரு எலுமிச்சம்பழம் இருக்கும், மயக்கம் வந்தால் முகர. பையில் தண்ணீர் பாட்டில், புளிப்பு மிட்டாய். படிக்குப் பக்கத்து இருக்கைதான் வேண்டும். செல்போன் திரையில் கணவர் எண் திறந்தபடியே இருக்கும். இவை தவறான பொருள்கள் இல்லை. ஆனால் பயம் தானாகவே இறங்கினாலும் அந்தப் பெருமை எலுமிச்சைக்குப் போய்விடுகிறது. “பழம் இருந்ததால் தப்பித்தேன்” என்று மனம் கணக்கு எழுதிக்கொள்ளும். அதனால் முதல் வாரம் மிட்டாயை விட்டார், அடுத்து பாட்டிலை. எலுமிச்சையை மட்டும் ஏழாவது வாரம் வரை விடவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை.

சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணமில்லை என்பது எங்களுக்குப் பெரிய உதவியாக இருந்தது. ஒரே நாளில் நான்கு முறை ஏறி இறங்கினாலும் காசு போகாது. இத்தகைய பயிற்சிக்கு அந்தத் திட்டம் செய்யும் நன்மையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நான் பேசியாக வேண்டும்.

ஒருநாள் பசுமலை அருகே போக்குவரத்து நெரிசலில் பஸ் நின்றுவிட்டது. நகரவே இல்லை. பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையனின் பை முகத்தில் இடித்தது. அக்காவுக்குக் கதவு எங்கே என்று கண் தேடியிருக்கிறது. இறங்கவில்லை. நாட்காட்டியிலிருந்து கிழித்த தாளின் பின்பக்கத்தில் அவர் எழுதி வந்ததை அப்படியே தருகிறேன்: “பசுமலை 80. பழங்காநத்தம் 40. சாகவில்லை.”

மனம் சொல்வதை விசாரிப்பது

ஆரோன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1960களில் கவனித்தது இது: துயரத்துக்கு முன்னால் மின்னல் போல ஓர் எண்ணம் ஓடுகிறது, அதை நாம் கவனிப்பதே இல்லை. அவர் வளர்த்த முறையில்தான் இன்று என்னைப் போன்ற பலர் வேலை செய்கிறோம். மூன்று பத்தி போட்ட நோட்டு ஒன்று தருவேன். என்ன நடந்தது, மனம் என்ன சொன்னது, அதற்கு ஆதரவாகவும் எதிராகவும் என்ன சான்று இருக்கிறது. நல்லதையே நினை என்று நான் சொல்வதில்லை. எனக்கு அந்த அறிவுரையில் நம்பிக்கை இல்லை. வயிற்றுவலிக்காரரிடம் சிரி என்று சொல்வது போன்றது அது. மனம் சொன்னது உண்மையா என்று ஒரு நல்ல வக்கீல் போலக் குறுக்கு விசாரணை செய்யத்தான் பழக்குகிறேன்.

நாள் முழுவதும் கவலை அரிக்கிறவர்களுக்கு வேறு ஒரு வழி உண்டு. மாலை ஆறு முதல் ஆறு இருபது வரை கவலைக்கான நேரம், ஒரே நாற்காலி. பகலில் கவலை வந்தால் ஒரு சொல்லில் குறித்துவிட்டு, “ஆறு மணிக்குப் பார்க்கிறேன்” என்று தள்ளிவைக்க வேண்டும். படுக்கையில் இதைச் செய்யாதீர்கள்.

பிரச்சினை நிஜமாகவே இருந்தால்?

எல்லாப் பதற்றமும் பஸ் பயம் போல இருப்பதில்லை. மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கடன் கழுத்தை நெரிக்கிறவருக்கு “அது வெறும் எண்ணம்” என்று சொன்னால் நான் அவரை அவமதிக்கிறேன். அவரோடு தாளை எடுத்து உட்கார்ந்து, யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி, எந்தத் தேதி என்று வரிசையாக எழுதுவேன். பல ஆண்களுக்கு மொத்தத் தொகை என்னவென்று கூட்டிப் பார்க்கும் தைரியமே வந்திருக்காது. கூட்டிய பிறகு தொகை குறையாது. ஆனால் அதற்கு ஓரம் கிடைத்துவிடும். பிறகு கையில் இருப்பவை, கையில் இல்லாதவை என்று இரண்டாகப் பிரிப்போம். கையில் இருப்பதில் ஒன்றே ஒன்றை, அடுத்த சந்திப்புக்குள் செய்ய வேண்டும். ஒரு போன், ஒரு வங்கிப் பயணம், மனைவியிடம் உண்மையைச் சொல்வது. பெரும்பாலும் மூன்றாவதுதான் கடினம்.

வீட்டில் அடி விழுகிறது என்றால் அதற்கு மூச்சுப் பயிற்சி மருந்தாகாது. முதலில் பாதுகாப்பு. பெண்களுக்கான 181 உதவி எண்ணைப் பற்றியும் சட்ட உதவி பற்றியும் பேசுவேன். துக்கம் வேறு, அப்பா இறந்து இரண்டு மாதத்தில் அழுகிறவருக்கு நோய் எதுவும் இல்லை. அவருக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தால் போதும்.

கோவிலுக்கும் தர்காவுக்கும் மாதா கோவிலுக்கும் போகலாமா என்று பலர் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். தாராளமாகப் போங்கள். மருந்தை நிறுத்தச் சொல்கிறவர் பேச்சை மட்டும் கேட்காதீர்கள்.

மருந்து பற்றி

சிலருக்கு மருந்தும் வேண்டியிருக்கும். பதற்றத்துக்கு வழக்கமாகத் தரும் மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்கச் சில வாரங்கள் ஆகும். மூன்றாம் நாளே பலன் இல்லை என்று விடாதீர்கள், நன்றாகிவிட்டது என்று நீங்களாகவும் நிறுத்தாதீர்கள். தூக்க மாத்திரையை மருந்துக் கடையில் கேட்டு வாங்குவது மிகவும் ஆபத்து. அது பழக்கமாகிவிடும்.

வீட்டாருக்கு

“தைரியமாக இரு”, “எல்லாம் உன் மனப்பிரமை” இரண்டையும் தவிருங்கள். அக்காவின் கணவர் நல்ல மனிதர். எட்டு மாதம் கடையை அடைத்துவிட்டு மனைவியை வண்டியில் வைத்து அழைத்துப் போனார். அன்பால் செய்ததுதான், ஆனால் பயத்துக்கும் அதுவே தீனியானது. அவரை ஒருமுறை அறைக்கு அழைத்து, “நீங்கள் செய்ய வேண்டியது போன் செய்யாமல் இருப்பது” என்றேன். “அது ரொம்பக் கஷ்டம் மேடம்” என்றார். அக்கா முதல்முறை தனியாகத் திருநகர் போன அன்று, அவர் போனைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாராம்.

ஆலோசகரை மாற்றலாமா?

மாற்றலாம். மூன்று நாளில் குணம் என்று உறுதி தருபவர், உங்கள் சாதியையும் சம்பளத்தையும் தேவையில்லாமல் விசாரிப்பவர், மற்றவர் கதையை உங்களிடம் சொல்பவர், நீங்கள் பேசப் பேச உபதேசம் செய்பவர், தொடுபவர், இவர்களிடமிருந்து அன்றே விலகுங்கள். மற்றபடி மூன்று நான்கு சந்திப்பு வரை பொறுங்கள். ஒட்டவில்லை என்றால் நேரடியாகச் சொல்லுங்கள். அதைக் கேட்டு நான் வருந்தியதில்லை. பெரும்பாலும் அந்த நாளிலிருந்துதான் வேலை நேராகியிருக்கிறது.

முடிப்பது

பதற்றத்துக்கான இந்த முறை வழக்கமாகப் பன்னிரண்டு முதல் பதினாறு சந்திப்புகள் எடுக்கும். வாரம் ஒன்று, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்று, பிறகு மாதம் ஒன்று. நடுவில் ஒரு மோசமான வாரம் வந்தே தீரும். அக்காவுக்குப் பத்தாவது வாரம் வந்தது. மாமனார் மருத்துவமனையில் இருந்தார், தூக்கம் இல்லை, நிறுத்தத்தில் நின்றபோதே படபடத்துத் திரும்பிவிட்டார். எல்லாம் வீணாகிவிட்டது என்று அழுதார். அந்த வாரம் 50 பைசா படிக்கு இறங்கி, அங்கிருந்து மறுபடி ஏறினோம். இரண்டாம் முறை ஏற ஐந்தே நாள்தான் ஆனது.

கடைசிச் சந்திப்பில் நான் எதுவும் எழுதித் தருவதில்லை. மறுபடி வந்தால் என்ன செய்வேன் என்பதை அவரவர் கையெழுத்தில் ஒரு தாளில் எழுதச் சொல்வேன். அக்கா தன் தாளைத் தையல் மிஷின் பெட்டிக்குள், பாபின் டப்பாவுக்குக் கீழே வைத்திருக்கிறார். முதல் வரி: “எலுமிச்சம்பழம் தேடாதே. நிறுத்தத்துக்குப் போய் நில்.”